தறி வீட்டில் பட்டதாரி விருந்து

தேதி குறிப்பதற்கு முன்னால், பந்தல்காரரிடம் பேசுவதற்கு முன்னால், பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்றைக் கேளுங்கள்: "அரியர் ஏதாவது நிக்குதா?" அப்பா கேட்க வேண்டாம். அப்பா கேட்டால் உண்மை வராது. அக்காவோ சித்தப்பாவோ, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் மாமாவோ கேட்கட்டும். கடைசி செமஸ்டரில் ஒரு தாள் நின்றுபோய், வீட்டில் சொல்லப் பயந்து, நூற்றைம்பது பேர் இலை முன்னால் உட்கார்ந்த பிறகு விஷயம் வெளியே வந்த விருந்து ஒன்றில் நானே சாப்பிட்டிருக்கிறேன். பிரியாணி நன்றாகத்தான் இருந்தது. பையன் மட்டும் சாப்பிடவில்லை.

பட்டம் வாங்கியதைக் கொண்டாடுவது பற்றி நகரத்தில் யாரைக் கேட்டாலும் ஹால், டி.ஜே., கேக், புகைப்படக்காரர் என்று வரிசையாகச் சொல்லிவிடுவார்கள். திருவண்ணாமலை மாவட்டத்துக் கலசப்பாக்கத்தில் தறி ஓடும் வீட்டுக்கு அந்த வரிசை பொருந்தாது. ஆரணிப் பட்டு என்று கடையில் விற்கும் சேலை எல்லாம் ஆரணி ஊருக்குள்ளேயே நெய்ததில்லை. தேவிகாபுரம், ஒண்ணுபுரம் என்று சுற்றிலும் உள்ள ஊர்களில் கூடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் தறிகளில் நெய்து போவதும் அதில் சேர்ந்ததுதான். அப்படிப்பட்ட வீட்டில் கூடம் என்றால் தறி; தறியைச் சுற்றி மிஞ்சிய இடத்தில்தான் மனிதர்கள். விருந்தையும் அந்த மிஞ்சிய இடத்தை வைத்துத்தான் யோசிக்க வேண்டும். இந்த அத்தியாயம் அந்த வீடுகளுக்காக எழுதியது. மற்றவர்களும் படிக்கலாம், தடையில்லை.

நாள்

பட்டமளிப்பு விழா வரட்டும், கவுன் போட்டுக்கொண்டு போட்டோ எடுக்கட்டும், அதற்குப் பிறகு விருந்து வைக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். நம் மாவட்டத்துக் கலைக் கல்லூரிகள் காட்பாடி அருகே சேர்க்காட்டில் இருக்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. தேர்வு முடிவு ஒரு நாள் வரும், தற்காலிகச் சான்றிதழ் இன்னொரு நாள் வரும், பட்டமளிப்பு விழா பல மாதம் கழித்து வரும். பல்கலைக்கழக மேடையில் நேரில் பட்டம் வாங்குவது பெரும்பாலும் ரேங்க் வாங்கியவர்களும் முனைவர் பட்டக்காரர்களும்தான். மற்றவர்களுக்குக் கல்லூரியில் நடக்கும் விழாதான். அதற்குள் பிள்ளை ஓசூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ ஷிப்டு வேலையில் சேர்ந்து, லீவு கிடைக்காமல் நிற்பான். முடிவு வந்து ஒரு மாதத்துக்குள் விருந்தை முடித்துவிடுங்கள்.

அந்த ஒரு மாதம் பெரும்பாலும் ஆடியை ஒட்டியே வரும். "ஆடியிலா விசேஷம்?" என்று ஆயா முகம் சுளிப்பார். கல்யாணத்துக்குத்தான் ஆடி ஆகாது, சாப்பாட்டுக்கு என்ன குறை? முகூர்த்தம் இல்லாத மாதம் என்பதால் மண்டபம், பந்தல், சமையல் ஆள், மைக் செட் எல்லாமே கையில் இருக்கும், வாடகையும் பேசிக் குறைக்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை. தெரு மாரியம்மன் கோயிலில் காப்பு கட்டியிருக்கிறார்களா என்று விசாரித்துவிட்டு நாள் வையுங்கள். காப்பு கட்டிய தெருவில் கறி மணக்க விருந்து வைத்தால், அந்தப் பேச்சு அடுத்த ஆடி வரை ஓயாது.

எனக்குப் பிடித்த நாள் ஆகஸ்ட் 7. அது தேசியக் கைத்தறி நாள். 1905ல் அதே தேதியில் கல்கத்தாவில் சுதேசி இயக்கம் தொடங்கியதை நினைத்துக் குறித்தது. 2015ல் அந்த நாளை முதன்முதலாக அறிவித்து விழா நடத்திய இடம் டெல்லி இல்லை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூற்றாண்டு மண்டபம். தறிக்கும் பட்டத்துக்கும் இப்படி ஒரு பொது நாள் கிடைக்கும்போது அதை விடுவானேன்? ஆனால் ஆவணி முகூர்த்தச் சேலை தறியில் அரைகுறையாக நின்றால் ஆகஸ்ட் 7ஐ மறந்துவிடுங்கள். தறியில் இருக்கும் சேலையை நெய்து அறுத்து, அடுத்த பாவு பிணைப்பதற்கு முன் வரும் இடைவெளிதான் உங்கள் உண்மையான விடுமுறை. அமாவாசையன்று தறி ஓட்டாத வீடு என்றால் அன்றைக்கும் வைக்கலாம்.

எந்தக் காரணம் கொண்டும் பௌர்ணமியில் வைக்காதீர்கள். போளூரிலிருந்து வரும் பேருந்து ஒவ்வொன்றும் கிரிவலக் கூட்டத்தை அடைத்துக்கொண்டு திருவண்ணாமலைக்குப் போகும். பர்வதமலை ஏறுகிறவர்கள் வேறு. உங்கள் விருந்தாளி ஏறவும் முடியாது, ஏறினால் இறங்கவும் முடியாது. தை மாத ரத சப்தமியும் அப்படித்தான். அண்ணாமலையாரே தீர்த்தவாரிக்கு நம்மூர்ச் செய்யாற்றுக்கு வரும் நாளில் உங்கள் வீட்டுக்கு யார் வருவார்கள்? ரயிலில் வரும் கல்லூரித் தோழர்களுக்கு ஒரு வரி முன்கூட்டியே எழுதிவிடுங்கள்: "ஆரணி ரோடு" என்ற பெயரை நம்பி இறங்கினால் களம்பூரில் நிற்பீர்கள்; போளூரிலோ திருவண்ணாமலையிலோ இறங்கிப் பேருந்து பிடியுங்கள். தொலைபேசியில் வழி சொல்லியே பாதி நாள் போன அனுபவத்தில் சொல்கிறேன்.

எத்தனை சேலை?

விருந்துக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்காமல், எத்தனை சேலை ஆகும் என்று கேளுங்கள். ஒரு சேலைக்கு வீட்டுக்கு வரும் கூலி எவ்வளவு, அதை முடிக்க எத்தனை நாள் என்பது வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். பந்தல், சாப்பாடு, மைக் செட் எல்லாவற்றையும் கூட்டி அந்தக் கூலியால் வகுத்துப் பாருங்கள். மூன்று சேலை என்று வந்தால், அது அம்மாவும் அப்பாவும் தறிக் குழியில் கால் தொங்கவிட்டு உட்கார வேண்டிய இத்தனை வாரம் என்று கணக்கு உடனே கண்ணுக்குத் தெரியும். பிள்ளைக்கும் தெரியட்டும், தப்பில்லை. "டி.ஜே. வேணும்பா" என்று சொன்ன ஒரு பெண், அது முக்கால் சேலை என்று தெரிந்ததும் தம்பியின் புளூடூத் ஸ்பீக்கர் போதும் என்று இறங்கி வந்ததை நான் பார்த்தேன். இரண்டு சேலைக்குள் முடிவதே சரியான விருந்து என்பது என் கட்சி.

முதலாளியிடம் முன்பணம் வாங்கி விருந்து வைக்காதீர்கள். இதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் மருத்துவத்துக்கும் வாங்கிய முன்பணம்தான் பல வீடுகளைத் தலைமுறை தலைமுறையாக ஒரே முதலாளியின் தறியில் கட்டிப்போட்டது. கோர்வைச் சேலைக்கு மறுபக்கக் கரையின் நாடாவைப் போட ஒரு ஆள் வேண்டும். அந்த இடத்தில் பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளையை உட்கார வைத்த காலம் ஒன்று இருந்தது. அதற்குப் பின்னால் இருந்ததும் பெரும்பாலும் இந்த முன்பணம்தான். அந்த இடத்திலிருந்து எழுந்து கல்லூரிக்குப் போன பிள்ளைக்காக வைக்கும் விருந்தை அதே கடனில் வைத்தால் அதற்கு என்ன பெயர் சொல்வது?

மொய் எழுதலாமா? வேண்டாம் என்பதே என் தீர்ப்பு. மொய் என்பது வரவு மாதிரித் தெரியும் கடன். எழுதிய ஒவ்வொருவர் வீட்டு விசேஷத்துக்கும் திருப்பி எழுத வேண்டும், அதுவும் ஒரு ரூபாயாவது கூட்டி. பட்டதாரிக்கு முதல் சம்பளம் வரும் முன்பே அவன் பேரில் ஒரு நோட்டு நிறைய பாக்கியை ஏற்றி வைக்காதீர்கள். அழைப்பிதழில் "அன்பளிப்பு வேண்டாம்" என்று போட்டாலும் தாய்மாமன் கேட்கமாட்டார். அவரிடம் மட்டும் முன்பே சொல்லுங்கள்: போட்டித் தேர்வுப் புத்தகம், நேர்முகத் தேர்வுக்கு ஒரு நல்ல சட்டை, பேருந்துச் செலவு, எது வேண்டுமானாலும் செய்யுங்கள் மாமா, நோட்டு மட்டும் போட வேண்டாம்.

யாரைக் கூப்பிடுவது

சொந்தக்காரர் பட்டியல் உங்களுக்குத் தெரியும், அதில் எனக்கு வேலையில்லை. விட்டுப்போகிறவர்களைச் சொல்கிறேன். பாவு போடுகிறவர், சாயம் போடுகிறவர், தார் சுற்றிக் கொடுக்கும் பக்கத்து வீட்டு அம்மா, தறி மரம் விரிசல் விட்டால் வந்து பார்க்கும் ஆசாரி. தேர்வுக் கட்டணம் கட்ட முடியாத மாதத்தில் கைமாற்று கொடுத்த மளிகைக் கடைக்காரர். பத்தாம் வகுப்பில் "இவனைத் தறியில போடாதீங்க" என்று வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போன அரசுப் பள்ளி ஆசிரியர். அவர் மாற்றலாகி எந்த ஊரில் இருந்தாலும் தேடிப்பிடியுங்கள். பந்தியில் முதல் வரிசை இவர்களுக்கு. கவுன்சிலர் இரண்டாவது பந்தியில் சாப்பிட்டால் ஒன்றும் ஆகிவிடாது.

இந்தப் பக்கத்தில் நயினார் என்னும் தமிழ்ச் சமணர் வீடுகள் உண்டு. போளூருக்கு அந்தப் பக்கம் திருமலை இருக்கிறது, சமணம் நம் அண்டை வீட்டுச் சமயம். அவர்களைக் கூப்பிட்டால் பொழுது சாய்வதற்கு முன் சாப்பாடு போட்டுவிட வேண்டும், கிழங்கு வகையும் பூண்டு வெங்காயமும் ஒதுக்குகிறார்களா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நாலரை மணிக்குத் தனியாக ஒரு சின்னப் பந்தி. இதைச் செய்த வீட்டைப் பற்றி அந்தத் தெரு பத்து வருஷம் நல்லதாகப் பேசும்.

அழைப்பிதழ் அச்சடிக்க வேண்டியதில்லை, வாட்ஸ்அப் போதும். தறிக்காரப் பெரியவர்களுக்கு மட்டும் நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்துச் சொல்லுங்கள். வாசகம் நீளமாக வேண்டாம். "எங்கள் மகள் இளங்கலை கணினி அறிவியல் முடித்திருக்கிறாள். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, அவளை ஆசீர்வதித்துப் போங்கள்." இவ்வளவுதான்.

"முதல் பட்டதாரி" என்ற சொல்லைக் கட்டாயம் போடுங்கள். நம் மாநிலத்தில் அது வெறும் பெருமைச் சொல் இல்லை. 2010ல் தொழிற்கல்விக்குக் கட்டணச் சலுகை வந்த நாளிலிருந்து அதற்கென்று ஒரு சான்றிதழே இருக்கிறது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வருவாய்த் துறையிடம் வாங்குவது. சலுகை ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். ஆகவே இரண்டாவது பிள்ளை படித்து முடிக்கும்போது அரசாங்கச் சலுகையும் இருக்காது, வீட்டில் பழைய பரபரப்பும் இருக்காது. முதல் பிள்ளைக்கு இரண்டு சேலை என்றால் இரண்டாவதற்கும் இரண்டு சேலை. இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஒரு பழைய உதாரணம்: சென்னைப் பல்கலைக்கழகம் 1857ல் தொடங்கியபோது முதலில் பட்டம் பெற்றவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரம் பிள்ளை, தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த அதே மனிதர். அவரோடு தேறிய இன்னொருவரும் யாழ்ப்பாணத்துக்காரர்தான், அவருடைய ஆசிரியர் விசுவநாத பிள்ளை. முதலில் வந்தவர் பெயர் நிற்கிறது, கூட வந்தவர் பெயரைத் தேட வேண்டியிருக்கிறது. உங்கள் வீட்டில் அப்படி ஆகக் கூடாது.

பரணில் இருக்கிறது அலங்காரம்

பலூன் வளைவுக்கும் தெர்மாகோல் எழுத்துக்கும் பணம் கொடுக்காதீர்கள். பரணில் ஏறிப் பாருங்கள். பழைய ஜாக்கார்டு அட்டைகள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். டிசைன் மாறியதும் ஒதுக்கிப் போட்டவை, எலக்ட்ரானிக் ஜாக்கார்டு வந்த வீட்டில் வேலையே இல்லாமல் போனவை. ஓட்டை ஓட்டையாக இருக்கும் அந்த அட்டைகளை நூலில் கோத்து வாசலுக்குக் குறுக்கே தோரணம் கட்டுங்கள். மாலையில் பின்னால் ஒரு பல்பைப் போட்டால் சுவரெல்லாம் வெளிச்சப் புள்ளிகள் விழும். எந்த நிகழ்ச்சி அமைப்பாளரும் அதைக் கொண்டுவர முடியாது.

பிள்ளை படித்தது கணினி என்றால் அந்தத் தோரணத்துக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. பிரான்சின் லியோன் நகரத்தில் ஜோசப் மரி ஜாக்கார்டு 1804ல் கொண்டுவந்த இந்த அட்டைத் தறியைப் பார்த்துத்தான், கணக்குப் போடும் இயந்திரத்துக்கும் ஓட்டை போட்ட அட்டையால் கட்டளை கொடுக்கலாம் என்று இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் யோசித்தார். ஜாக்கார்டின் உருவத்தையே பட்டில் நெய்த படம் ஒன்று பாபேஜிடம் இருந்தது. அதை நெய்ய ஏறக்குறைய 24,000 அட்டைகள் வேண்டியிருந்தன. 1890ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கைப் போட்டதும் ஓட்டை அட்டையை வைத்துத்தான். ஓட்டை இருந்தால் நூல் தூக்கும், இல்லையென்றால் தூக்காது. ஒன்று, பூஜ்யம். இதை மகள் எழுந்து நின்று இரண்டு நிமிடம் சொல்லட்டும். இருபது வருஷமாக அந்த அட்டையை மிதித்து ஓட்டிய அப்பாவுக்குத் தன் மகள் மூன்று வருஷம் எதைப் படித்தாள் என்று அன்றைக்குத்தான் புரியும். "அட, இதுவா?" என்பார்.

தலைத் தொப்பியையும் வீட்டிலேயே செய்யலாம். சதுர அட்டைக்குக் கறுப்புத் துணி ஒட்டி, நடுவிலிருந்து ஒரு குஞ்சம் தொங்க வேண்டும். சேலை முந்தானைக்குக் குஞ்சம் கட்டும் அத்தை தெருவில் ஒருவராவது இருப்பார். மிஞ்சிய பட்டு நூலைக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் கட்டிக் கொடுப்பார். ஆக்ஸ்போர்டுக்காரன் தொப்பியில்கூட அப்படிக் குஞ்சம் இருக்காது. கறுப்புக் கவுனுக்கு வாடகை கொடுக்காமல் தோளில் ஒரு கைத்தறி அங்கவஸ்திரம் போடுங்கள். பட்டமளிப்பு அங்கிக்குக் கைத்தறித் துணியைப் பயன்படுத்துங்கள் என்று பல்கலைக்கழக மானியக் குழுவே 2019ல் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. நீங்கள் செய்தால் யாரும் குறை சொல்ல முடியாது. தொப்பியை மேலே எறிந்து போட்டோ எடுப்பதைத் தெருவில் வைத்துக்கொள்ளுங்கள். தாழ்ந்த ஓட்டு வீட்டில் எறிந்தால் ஜாக்கார்டுப் பெட்டியில் மாட்டிக்கொள்ளும்.

இனித் தறி. விருந்தன்று காலையில் பாவின் மேல் இரண்டு பழைய வேட்டியை விரித்து, ஓரத்தை உள்ளே செருகிவிடுங்கள். அதற்கும் மேலே பாலித்தீன் ஷீட். குழியின் மேல் பலகை போட்டு மூடுங்கள், குழந்தைகள் விழும். பார்ட்டி பாப்பர், நுரை ஸ்ப்ரே இரண்டும் வாசலைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. இதைத் தோழர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள், வந்த பிறகு சொன்னால் மூஞ்சி சுண்டிவிடும். ஒரு வீட்டில் சொல்லாமல் விட்டார்கள். கூடத்தில் ஒருவன் பாப்பரைத் திருகினான். வெடித்த ஜிகினா மயில் கழுத்து நிறப் பாவில் போய் உட்கார்ந்தது. விழுதுக்கும் அச்சுக்கும் நடுவே, இழைக்கு இழை, கடுகில் பாதி அளவுக்கு வெள்ளிப் பொட்டு. துடைத்தால் இழை பிசிறும், ஊதினால் இன்னும் உள்ளே போகும். அந்த வீட்டுப் பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஊசி முனையால் ஒவ்வொன்றாக எடுத்தார். இரண்டு நாள் ஆயிற்று. ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் பிள்ளைக்குத் தாங்கவில்லை.

போட்டோவுக்காகப் பிள்ளையைத் தறியில் உட்காரச் சொல்வதைப் பற்றியும் ஒன்று. தோழர்கள் கேட்பார்கள், படம் நன்றாக விழும் என்பார்கள். பிள்ளையிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். விடியற்காலையில் தார் சுற்றிவிட்டு, கையில் சாயம் போகாமல் பள்ளிக்கு ஓடிய பிள்ளைக்கு அந்தக் குழியில் மறுபடி கால் வைக்கப் பிடிக்காமல் இருக்கலாம். சில பிள்ளைகள் ஆசையாக உட்காருவார்கள், நாலு நாடாவும் போடுவார்கள். இரண்டும் சரிதான்.

சாப்பாடு

ஆம்பூர் பக்கத்து மாவட்டம், ஆகவே பிரியாணியைத் தவிர வேறு எதைப் போட்டாலும் மன்னிப்பு கிடையாது. ஒரு கிலோ சீரகச் சம்பாவுக்கு ஒரு கிலோ கறி, எட்டுப் பேர். நூற்றைம்பது பேருக்குப் பத்தொன்பது கிலோ வரும்; குழந்தைகளையும் சைவக்காரர்களையும் கழித்துப் பதினாறு போதும். மாஸ்டர் இருபது என்பார். பதினாறில் நில்லுங்கள், மிஞ்சினால் வேறு வழி தேட வேண்டும், கொஞ்சம் குறைந்தால் குஸ்கா போட்டுச் சமாளிக்கலாம். தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய்த் தொக்கு, தயிர்ப் பச்சடி. கத்தரிக்காய்க்கு வேலூர் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் கிடைத்தால் விடாதீர்கள், புவிசார் குறியீடு பெற்ற காய் அது. சைவத்துக்கு ஜவ்வாது மலைச் சாமையில் ஒரு பொங்கலோ பாயசமோ. வந்து உட்கார்ந்ததும் கொறிக்க வேகவைத்த மல்லாட்டை. சென்னைத் தோழர்கள் வேர்க்கடலை என்று சொல்லிக்கொண்டே ஒரு படி தின்பார்கள்.

விறகடுப்பைத் தறி இருக்கும் பக்கம் மூட்டாதீர்கள். பட்டு வாசனையை இழுத்து வைத்துக்கொள்ளும். மசாலா மணக்கும் முகூர்த்தச் சேலையை எந்த முதலாளியும் சும்மா வாங்கமாட்டார். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, தெரு முனையில் தேக்சாவை ஏற்றுங்கள். சாப்பிட வாழை இலை போடுங்கள். பிளாஸ்டிக் தட்டு, பிளாஸ்டிக் டம்ளர் எல்லாம் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. பேனரும் வேண்டாம். அந்த ஆண்டு செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவே கட்டியிருந்த பேனர் சரிந்து ஓர் இளம் மென்பொறியாளர் உயிர் போனது; அவரும் யாரோ ஒருவர் வீட்டுப் பட்டதாரிதான். மைக்கை இரவு பத்து மணிக்கு அணைத்துவிடுங்கள், சட்டமும் அதுதான், காலையில் தறிக்கு உட்கார வேண்டிய பக்கத்து வீடும் அதைத்தான் கேட்கும்.

விளையாட்டு

தார் சுற்றும் போட்டியை விட்டுவிடாதீர்கள். இரண்டு ராட்டையை வாசலில் போடுங்கள், மலிவான சாயப் பருத்தி நூல் கொடுங்கள், பட்டு வேண்டாம். ஒரு பக்கம் கல்லூரித் தோழன், இன்னொரு பக்கம் ஆயா. இரண்டு நிமிடம். கோல்டு மெடல் வாங்கியவனின் தார் நடுவில் வீங்கி, ஓரத்தில் சரிந்து, பூசணிப் பிஞ்சு மாதிரி வந்து நிற்கும். ஆயாவுடையது அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். அடுத்தது அறுந்த இழையை ஒரு கையால் முடிச்சுப் போடும் போட்டி. இதில் வெளியாள் ஒருவரும் தேறமாட்டார்கள், அதில்தான் சிரிப்பே.

அப்புறம் அப்பா அம்மாவுக்கு ஒரு தேர்வு வையுங்கள். ஐந்து கேள்விகள்: பிள்ளை படித்த பாடத்தின் முழுப் பெயர் என்ன, கல்லூரி பஸ் எத்தனை மணிக்கு, எந்தத் தாளில் குறைந்த மார்க், நெருங்கிய தோழி யார், எந்த நாள் கல்லூரிக்குப் போகாமல் படத்துக்குப் போனாள்? ஐந்தாவது கேள்வியைப் பிள்ளையிடம் அனுமதி வாங்கிக் கேளுங்கள். நான் இருந்த ஒரு விருந்தில் நாலு கேள்விக்குத் தவறாகச் சொன்ன அம்மா, பஸ் நேரத்தை மட்டும் நிமிடம் பிசகாமல் சொன்னார். ஆறு நாற்பது. மூன்று வருஷம் அந்த பஸ்ஸுக்காகவே நாலரைக்கு எழுந்தவர்.

சிரிப்பு அடங்கியதும் யாராவது ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்பார்: "அப்புறம், வேலைக்கு இன்னா பண்ணப் போற?" பெண் என்றால் வேலையோடு கல்யாணமும் சேரும். இதற்கு வீட்டில் முன்பே ஒரே பதிலாகப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அப்பா ஒன்று, அம்மா ஒன்று, பிள்ளை ஒன்று சொன்னால் கேட்டவருக்குத்தான் கொண்டாட்டம். "மூணு மாசம் டைம் கொடுத்திருக்கோம் மாமா, நீங்க இன்னொரு கரண்டி போட்டுக்குங்க" என்பது நல்ல பதில். புரியாதவரை மட்டன் தேக்சாவுக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

மறுநாள்

வாடகைப் பாத்திரத்தை எண்ணித் திருப்பிக் கொடுங்கள், தெருவைக் கூட்டுங்கள், தறியின் ஷீட்டை எடுக்கும்போது நான்கு மூலையையும் மேலே சேர்த்துப் பிடித்துத் தூக்குங்கள். தூசி பாவில் கொட்டாது. தோரண அட்டைகளை வரிசை மாறாமல் கட்டிப் பரணில் ஏற்றுங்கள், அந்த டிசைன் திரும்ப வரலாம்.

சான்றிதழ் பற்றி ஒன்று பாக்கி. விருந்தில் எல்லோரும் அதைப் பார்க்கக் கேட்பார்கள். பிரியாணிக் கையோடு வாங்கிப் பார்ப்பார்கள். அசலை வெளியே எடுக்காதீர்கள். கலர் ஜெராக்ஸ் எடுத்துச் சட்டம் போட்டு மாட்டுங்கள், அதை ஊரே தொட்டுப் பார்க்கட்டும். அசல், பீரோவில் முகூர்த்தச் சேலைக்கு அடியில் இருக்கட்டும். மாமா ஆசையாக, "கொடு, லேமினேட் பண்ணித் தரேன்" என்பார். கொடுக்காதீர்கள். நாளைக்கு வெளிநாட்டு வேலைக்கோ மேற்படிப்புக்கோ அதன் முதுகில் முத்திரை குத்த வேண்டி வந்தால், லேமினேட் செய்த தாளில் குத்த முடியாது.